ஊதா மொட்டும் வெள்ளைப் பஞ்சும்: கோபி வட்டாரத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில் பூச்சித் தாக்குதல் குறித்த நிகழ்வு ஆய்வு

தோட்டமும் முறையீடும்

ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே, கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்காலின் பாசனத்தில் நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் ஓர் ஊரில், விவசாயக் குடும்பம் ஒன்றின் வீட்டை ஒட்டிய பூந்தோட்டத்தில் ஒரு கோடைப் பருவத்திலிருந்து அடுத்த கோடைப் பருவம் வரை கண்டவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. தோட்டம் பெரியதன்று. முன்வாசலில் இரண்டு வரிசை குண்டுமல்லி, மேற்குச் சுற்றுச்சுவர் ஓரமாக ஐந்தாறு செம்பருத்திச் செடிகள், கிணற்றடியில் ஒரு ஜாதிமல்லிக் கொடி, திண்ணையை ஒட்டிச் சில ரோஜாச் செடிகள், அவ்வளவுதான். பூக்கள் சாமிக்கும் வீட்டுப் பெண்களின் தலைக்கும் போக, மிச்சமிருந்தால் பூக்கட்டி விற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும். செம்பருத்திப் பூவையும் இலையையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்காக வீட்டிலேயே காய்ச்சுவார்கள். பூவும் இலையும் இப்படி நேராக உடம்போடு புழங்குவதால், இங்கே எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படையாயிற்று.

குண்டுமல்லி பங்குனியில் நன்றாக மொட்டெடுத்தது. ஆனால் மொட்டுகள் வெண்மையாகப் பருப்பதற்குப் பதிலாக ஊதா நிறமேறிக் கோணிக்கொண்டு, பாதி வளர்ச்சியிலேயே காய்ந்து உதிர்ந்தன. அருகிலுள்ள ஒரு பூச்சிமருந்துக் கடையில் சொல்லி, சைபர்மெத்ரின் கலந்த கூட்டு மருந்து ஒன்றை வாங்கி வந்து, வாரம் தவறாமல் எல்லாச் செடிகளுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஊதா மொட்டுகள் குறையவில்லை. சித்திரையில் இரண்டு கோடைமழை பெய்தபின் அவை கூடின. வைகாசியில் செம்பருத்தியின் நுனிகளெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் ஆயின. அந்த நிலையில்தான் என்னை அழைத்தார்கள். தோட்டத்தைப் பார்த்துவரும் வீட்டுப் பெரியம்மாள் முதலில் சொன்னது இது: “மருந்தடிச்சுங் கேக்கலீங்க தம்பி. மல்லிகை போனாப் போகட்டும்னா, இப்பச் செம்பருத்திக்கும் வந்துருச்சுங்க.”

இரண்டும் தனித்தனி நோய்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பூச்சிகள் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் முதலாவதற்கு அடித்த மருந்தே இரண்டாவதற்கு வழி திறந்துவிட்டது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

மொட்டைப் பிளந்து பார்த்தது

மல்லிகையில் மொட்டு ஊதாவாவதற்கு இரண்டு பூச்சிகள் காரணமாகலாம். ஒன்று மொட்டுப்புழு. அது சிறிய வெள்ளை அந்துப்பூச்சியின் புழு. பச்சை உடலும் கருந்தலையும் கொண்டது. மொட்டில் துளையிட்டு உள்ளே புகுந்து இதழ்களையும் நடுப்பகுதியையும் தின்னும். கொத்தாக உள்ள மொட்டுகளை நூலால் பின்னி வைத்துக்கொண்டு, ஒன்றை முடித்தபின் அடுத்ததற்குப் போகும். மற்றொன்று மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறிய இந்த ஈ, மொட்டின் நுனியில் முட்டைகளைத் திணித்துவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் பொரிந்து வரும் கால்களற்ற வெண்புழுக்கள் மொட்டின் உள்ளே இறங்கிச் சாற்றை உறிஞ்சும். ஒரே மொட்டுக்குள் பத்து முதல் முப்பது புழுக்கள் வரை இருப்பதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தாக்குதலும் ஊதா மொட்டாகத்தான் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து மருந்து எழுதித் தருவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

கிணற்றடி ஜாதிமல்லியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் மொட்டின் வெளிப்புறம் இயல்பாகவே இளஞ்சிவப்பு. அந்தக் கொடிக்கும் நோயென்று எண்ணி மருந்து அடித்திருந்தார்கள். அதில் எந்தத் தாக்குதலும் இல்லை.

குண்டுமல்லியின் பல செடிகளிலிருந்தும் ஊதா மொட்டுகளைப் பறித்து, திண்ணையில் ஒரு கறுப்புத் தாளை விரித்து, சவரப் பிளேடால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்தோம். சில மொட்டுகளில் பக்கவாட்டில் துளையும், துளைவாயில் மணல்போன்ற எச்சமும், உள்ளே ஒரேயொரு பச்சைப் புழுவும் இருந்தன. ஆனால் பெரும்பாலான மொட்டுகளில் துளையே இல்லை. அடிப்பகுதி வீங்கி, நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிளந்ததும் உள்ளே இதழ்கள் நனைந்து அழுகிய பழுப்பு நிறத்தில் ஒட்டிக் கிடக்க, அவற்றினிடையே அரிசிக் குருணையிலும் சிறிய வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிந்தன. கறுப்புத் தாளில் விழுந்த முதிர்ந்த புழுக்கள் உடலை வளைத்துச் சுண்டிவிட்டதுபோல் எகிறித் துள்ளின. பெரியம்மாள் தாளருகே குனிந்து, “இத்தனை நாளும் இதுக்குள்ள இத்தனை இருந்துச்சுங்களா!” என்றார். முதிர்ந்த புழு மொட்டைவிட்டு வெளியேறி மண்ணுக்குப் போவதற்குப் பயன்படுத்தும் துள்ளல் அது. மொட்டு ஈ என்பதை அடையாளம் காட்ட இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருந்தாலும் உறுதி செய்வதற்காக, பறித்த மொட்டுகளில் ஒரு பகுதியை, அடியில் ஈரமணல் பரப்பிய ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்கச் சொன்னேன். மணல் காயாமல் அவ்வப்போது சில துளி நீர் தெளித்தால் போதும். மூன்றாவது வாரத்தில் துணியின் உட்புறத்தில் நுண்ணிய ஈக்கள் ஒட்டியிருந்தன. வீட்டில் செய்யக்கூடிய இந்தச் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. பூச்சி எங்கே உருமாறுகிறது, எத்தனை நாளில் வெளிவருகிறது என்ற இரண்டு செய்திகளையும் அது கண்முன் காட்டிவிடுகிறது.

இந்த இரண்டு செய்திகளும்தான் மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதை விளக்குகின்றன. முட்டை மொட்டின் நுனிக்குள் இருக்கிறது. புழு மூடிய மொட்டுக்குள் இருக்கிறது. கூட்டுப்புழு செடியடி மண்ணில் இருக்கிறது. தாய் ஈ மட்டுமே வெளியில் பறக்கிறது. அதுவும் அந்தி நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய நான்கு நாள்தான் உயிரோடு இருக்கிறது. இலைமேல் படியும் மருந்து இவற்றில் எதையும் சரியாகச் சென்று அடையாது. முட்டையிலிருந்து மறுபடி ஈயாவதற்கு மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆவதால், ஒரு கோடைப் பருவத்துக்குள் பல தலைமுறைகள் உருவாகிவிடும். கோடைமழைக்குப் பிறகு தாக்குதல் கூடியதற்கும் காரணம் இதுவே. ஈர மண்ணில் புழு எளிதாக இறங்குகிறது. கூட்டுப்புழுவும் காய்ந்து சாவதில்லை.

செம்பருத்தியின் வெள்ளைப் பஞ்சு

செம்பருத்தியில் இருந்தது மாவுப்பூச்சி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எந்த மாவுப்பூச்சி என்பதுதான் கேள்வி. கொங்குப் பகுதியில் செம்பருத்தியில் வழக்கமாகக் காணப்படும் வகைகளுள், பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் கரிய புள்ளிகள் வரிசையாகத் தெரியும். செம்பருத்தி மாவுப்பூச்சியை நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு வரும். அது தாக்கிய நுனி முறுக்கி முடிச்சுப் போட்டதுபோல் ஆகிவிடும். இங்கே நசுக்கிய பூச்சியிலிருந்து மஞ்சள் சாறு வந்தது. சிலவற்றை ஒரு சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்தபோது அவை கருநீலமாக மாறின. பப்பாளி மாவுப்பூச்சியின் அடையாளம் இது. சுவருக்கு அப்பால், மேற்கே, பக்கத்துத் தோட்டத்தில் நின்ற பப்பாளி மரத்தின் காய்களிலும் இதே பூச்சி படிந்திருந்தது. வைகாசி பாதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும் காற்றில் இதன் இளங்குஞ்சுகள் எளிதாகப் பறந்து வரும்.

இந்தப் பூச்சியைப் பற்றிக் கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானதே கோயம்புத்தூரில்தான், 2008ஆம் ஆண்டில். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களை அது சூறையாடியது. எத்தனை முறை மருந்தடித்தும் மீண்டும் மீண்டும் வந்தது. 2010இல் பெங்களூருவிலிருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனத்தின் முயற்சியில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவி நிலைகொண்டு, மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் வைத்தது. மருந்து தோற்ற இடத்தில் குளவி வென்றது என்று நான் சொல்வதில் மிகையில்லை. இந்த மண்ணில் அந்தக் குளவி இன்றும் இருக்கிறது. அது வேலை செய்ய நாம் விட்டாலே போதும்.

மருந்து செய்த வேலை

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்ப்பதில்லை. மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை இருக்கிறது; இலைக்காம்பின் இடுக்கில் ஒளிந்துகொள்ளவும் செய்கிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுக்கும் முட்டையிட வரும் குளவிக்கும் அந்தக் காப்பு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை எல்லாச் செடிகளுக்கும் சேர்த்து அடித்ததில், செம்பருத்தியின் இயற்கைக் காவலர்கள் அழிந்தார்கள்; காற்றோடு வந்த மாவுப்பூச்சிக் குஞ்சுகளுக்கு எதிரியில்லாத வீடு கிடைத்தது. ரோஜா இலைகளின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி பெருகி, இலைகள் புள்ளிபுள்ளியாக வெளிறியிருந்ததும் இதே வகை விளைவுதான். அதைத் தண்ணீர் பீய்ச்சியே சரிசெய்தார்கள்.

இதைவிட வருத்தம் தந்த ஒன்று உண்டு. செம்பருத்தியின் ஒரு கிளையில் மாவுப்பூச்சிகளின் நடுவே, அவற்றைப்போலவே வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, ஆனால் அவற்றைவிட நான்கைந்து மடங்கு பெரிதாக, விறுவிறுவென்று ஊர்ந்துகொண்டு சில பூச்சிகள் இருந்தன. அவை ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்பதையே தொழிலாகக் கொண்டவை. “ஏனுங் தம்பி, இதுகதான் தாய்ப்பூச்சின்னு நெனச்சு, கண்ணுல பட்டதையெல்லாம் நசுக்கிப் போட்டமுங்களே!” என்று பெரியம்மாள் பதறினார். அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. வேகத்தையும் அளவையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும் வேறுபாடு இது. மாவுப்பூச்சி கிட்டத்தட்ட அசையாது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராது. வண்டின் புழு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். குச்சியால் தொட்டால் ஓடும். மருந்துக் கடைகளில் பூச்சியின் படத்தோடு அதன் எதிரியின் படத்தையும் மாட்டிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

மனிதருக்கான ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாங்கியிருந்த டப்பாவில் சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி மஞ்சள் நிறத்தில் இருந்தது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கு அடுத்தபடி மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை என்பது இந்தியாவில் பூச்சிமருந்து டப்பாக்களுக்கான முறை. வெயில் ஏறுமுன் அடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் அடித்துவிட்டு, மறுநாள் விடியலில் அதே செடியில் மொட்டுப் பறித்து, மடியில் கட்டி, கையால் தொடுத்து, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறார்கள். பூ என்றால் தின்பதில்லையே என்ற எண்ணத்தில்தான் காய்கறிக்குக் காட்டும் எச்சரிக்கையைப் பூவுக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மருந்து அடிப்பதை அன்றோடு நிறுத்துவது. இரண்டாவது, ஊதா மொட்டு ஒன்றுகூடச் செடியிலும் தரையிலும் தங்கக் கூடாது என்பது. அதுவரை கெட்ட மொட்டுகளைப் பறித்துச் செடியடியிலேயே போட்டிருந்தார்கள். அப்படிப் போடுவது, புழு மண்ணுக்கு இறங்குகிற வேலையை நாமே அதற்குச் செய்து கொடுப்பதாகும். இனி நல்ல மொட்டுப் பறிக்கும்போதே இடது கையில் ஒரு பாலிதீன் பை வைத்துக்கொண்டு, ஊதா மொட்டுகளை அதில் போட்டு, வாயை இறுகக் கட்டி, நாள் முழுவதும் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு எரித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலையே இந்த முழு முயற்சியின் முதுகெலும்பு. வீட்டுத் தோட்டத்தில் தினமும் எல்லாச் செடியையும் கைதொட்டுப் பறிப்பதால், ஏக்கர் கணக்கில் மல்லிகை போட்டிருக்கும் சத்தியமங்கலம் விவசாயிக்கு ஆள்கூலி கட்டாத இந்த வேலை இங்கே செலவின்றி நடந்துவிடுகிறது.

மூன்றாவதாக, மண். செடியடியிலிருந்த சருகுகளைக் கூட்டி அகற்றி, களைக்கொத்தால் வேர் அறுபடாத அளவுக்கு இரண்டு விரற்கடை ஆழம் கொத்திவிட்டு, அந்த மேல்மண்ணை வெயிலில் காயவிட்டோம். கூட்டுப்புழு மேல்மண்ணில்தான் இருக்கும். கடைசியாக மருந்தடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், கொத்திய பாத்திகளில் நாட்டுக்கோழிகளை மாலையில் விட்டது பெரியம்மாளின் யோசனை. அதை நான் முழுமனதோடு ஏற்றேன். ஒவ்வொரு செடிக்கும் வேப்பம்புண்ணாக்கைப் பொடித்துப் போட்டுக் கிளறி, பாத்தி முழுதும் நீர் நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட்டு, மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விடும்படி சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் காலத்தில் பூச்செடிக்கும் சேர்த்துப் பாய்ச்சிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மல்லிகைக்கு அது தேவையுமில்லை, நன்மையுமில்லை.

நான்காவது, வேப்பங்கொட்டைச் சாறு. பத்து லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் ஐந்து சதவீதக் கரைசல் கிடைக்கும். பாலைப்போல் வெண்மையாக இறங்கினால்தான் கொட்டை நல்ல கொட்டை. எட்டு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்ட கொட்டையில் வீரியம் இருக்காது. ஆனியிலும் ஆடியிலும் மரத்தடியில் உதிர்வதைப் பொறுக்கி நிழலில் காயவைத்துக்கொள்வதே சிறந்தது. வெயிலில் இதன் சத்துச் சிதைந்துவிடும் என்பதாலும், ஈ பறப்பது அந்தியில் என்பதாலும், மொட்டுப் பறிக்காத மாலை வேளையில்தான் தெளிக்க வேண்டும். இந்தச் சாறு மொட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஈயும் அந்துப்பூச்சியும் முட்டையிடத் தயங்கும் நிலையை உண்டாக்குவதே இதன் பயன். மண்வேலையும் மொட்டுப் பொறுக்கலும் இல்லாமல் இதை மட்டும் தெளித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

செம்பருத்திக்கு வேறு வழி. மிக மோசமான நுனிகளை மட்டும் வெட்டி எடுத்தோம். மற்றக் கிளைகளில் ஹோஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி மாவுப்பூச்சிகளைக் கழற்றிவிட்டோம். பொறிவண்டுப் புழுக்கள் இருந்த கிளையைத் தொடவேயில்லை. இதற்கெல்லாம் மேலாக, எறும்பைத் தடுக்க வேண்டியிருந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல்காத்து, வரும் வண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. இலைகளில் படிந்திருந்த கரும்பூஞ்சணமும் அந்த இனிப்பு நீரில் வளர்ந்ததே. அடித்தண்டைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் நாடாவை இறுகச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசினோம். பட்டையில் நேராகக் கிரீஸ் பூசக் கூடாது, தண்டு வெந்துவிடும். முதல் வாரத்தில் பலனில்லை என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது, சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கிளைகளின் வழியாக எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கிளைகளை நறுக்கிய பின்தான் நாடா பயன்பட்டது.

தொடர்ந்து கண்டவை

செம்பருத்தி முதலில் தேறியது. எறும்பின் நடமாட்டம் நின்ற சில வாரங்களில், மாவுப்பூச்சிகளின் நடுவே உப்பி, பழுப்பேறி, மெழுகு உதிர்ந்து காய்ந்த உடல்கள் தென்படத் தொடங்கின. கைக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசிமுனையால் குத்தியதுபோன்ற வட்டத் துளை. உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது. யாரும் குளவியைக் கொண்டுவந்து விடவில்லை, தானாகவே வந்தது. இப்படிக் காய்ந்த பூச்சிகள் ஒட்டிய இலைகளைச் சுத்தம் செய்வதாக எண்ணிப் பறித்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஆடிக்காற்று ஓய்ந்தபோது செம்பருத்தி புதுத்தளிர் விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பப்பாளிக்கு மருந்தடிக்க எண்ணியிருந்ததை, இந்த இலைகளைக் காட்டியபின் நிறுத்திக்கொண்டார்.

மல்லிகை அவ்வளவு விரைவாகத் தேறவில்லை. ஊதா மொட்டுகள் உடனே குறையவில்லை. ஏற்கெனவே மண்ணிலிருந்த தலைமுறை வெளிவந்து முடியும்வரை அவை வந்துகொண்டுதான் இருந்தன. இரண்டு தலைமுறைக்கான காலம் கழிந்தபின்தான் குறைவு கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் வீட்டு இளைஞர்கள் பொறுமையிழந்து மறுபடி மருந்து அடிக்கலாமா என்று கேட்டதுண்டு. பெரியம்மாள்தான் தடுத்தார். கார்த்திகை நடுவாக்கில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்து, வெட்டிய குச்சிகளையும் இலைகளையும் முழுதும் அப்புறப்படுத்தி, மண்ணை மறுபடி கொத்தி, தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் இட்டார்கள். நவம்பர் இறுதியில் செய்யும் இந்தக் கவாத்து குண்டுமல்லிக்கு வழக்கமானதே. மொட்டில்லாத சில வாரங்களில் ஈக்கு முட்டையிட இடமில்லாமல் போவது இதன் கூடுதல் பயன்.

அடுத்த மாசியில் வந்த முதல் மொட்டுகளில் மொட்டுப்புழுவின் துளைகள் சிலவே தென்பட்டன. புழுவைக் கையால் எடுத்ததோடு அது அடங்கிற்று. பங்குனிப் பூ எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. ஒரு செடி மட்டும் இன்னும் ஊதா மொட்டு விடுகிறது. பாத்திரம் கழுவும் நீர் போய்த் தேங்கும் மூலையில் அது நிற்கிறது. அங்கே மண் காய்வதே இல்லை. அந்த நீரை வாழைப் பாத்திக்குத் திருப்ப ஒரு குழாய் போடச் சொல்லியிருக்கிறேன். குழாய் போட்ட பிறகும் இரண்டு மாதத்தில் அந்தச் செடி தேறவில்லையென்றால், அடியோடு கவாத்துச் செய்து, அடிமண்ணை அரையடி ஆழத்துக்கு மாற்றிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.